தெரிந்து வைத்துக்கொள்ளாதே, கண்ணு

கண்ணு,

போனில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல், அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை. உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். நம் வீட்டு மிளகு மூட்டையை எடுத்துக்கொண்டு போனது யார் என்று நீயும் சலிக்காமல் கேட்கிறாய். முதலில் கோபமாகக் கேட்டாய். பிறகு தணிந்து, பெற்றவளைத் தாஜா பண்ணும் குரலில் கேட்டாய். கடைசியாக நீ கேட்ட விதம்தான் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. "கேஸெல்லாம் போட மாட்டேம்மா. பேரை மட்டும் சொல்லு. தெரிஞ்சு வெச்சுக்கறேன்" என்றாய். பயிற்சி முடிந்து, சப்-இன்ஸ்பெக்டர் ஆகி, அடுத்த வாரம் மலைக்கு வந்து எங்களோடு சில நாள் இருந்துவிட்டு, கீழே உன் முதல் ஸ்டேஷனுக்குப் போகப் போகிறாய். அதற்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்ல மாட்டேன். ஏன் சொல்ல மாட்டேன் என்பதற்குத்தான் இவ்வளவு தாளும்.

இதை நீ மட்டும் படிக்கப்போவதில்லை. பிள்ளையைக் காக்கி உடுப்பில் அனுப்பி வைக்கிற மற்ற தாய்மாரும் படிக்கட்டும் என்று அச்சில் கொடுக்க நினைத்திருக்கிறேன். அதனால் அண்ணாமலையிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டேன். உனக்குத் தெரிந்த அண்ணாமலைதான், நாகலூரில் ஜீப் ஓட்டுகிறவன். என் வகுப்பில் வகுத்தல் கணக்கு வந்தாலே வயிற்று வலி என்று வீட்டுக்குப் போய்விடுவானே, அவன். அவன் அப்பா காலமான பிறகு நம் பக்கத்து ஊருக்கு அவன்தான் ஊர்க்கவுண்டர். வழக்கு வம்பு என்றால் ஊர் கூடிப் பேசி, முடிவில் அவன் வாயால் சொல்வதுதான் நிற்கும். "உங்க தப்பை நீங்க தாராளமா எழுதிக்கோங்க டீச்சரம்மா, அது உங்களுது. அடுத்தவிங்களுதை மட்டும் எழுதிப்போடாதீங்க" என்றான். ஆகவே இந்தக் கடிதம் முழுக்க அந்த ஆளை 'அவர்' என்றே எழுதுகிறேன். ஆணா பெண்ணா, இளசா கிழமா என்றுகூட நீ கண்டுபிடிக்க முடியாது. தமிழில் இப்படி ஒரு வசதி இருப்பதை, இத்தனை வருஷம் இலக்கணம் நடத்தியும் நான் மெச்சியதில்லை.

நீ சேலத்தில் கல்லூரிக்குப் போய் சமூகவியல் படித்த நாட்களில், சனிக்கிழமை பஸ் ஏறி வந்து, நான் பீன்ஸ் நறுக்கும்போது எதிரில் உட்கார்ந்து எனக்குப் பாடம் எடுப்பாய். குற்றம் கெட்ட ரத்தத்தில் பிறப்பதில்லை, சமுதாயத்தின் இழுபறியில் பிறக்கிறது என்றாய். எல்லோர் கண் முன்னாலும் ஒரே படத்தை மாட்டி வைக்கிறோம்: நல்ல வீடு, நல்ல வண்டி, இங்கிலீஷ் பேசும் பிள்ளைகள், நாலு பேர் மதிக்கும் உத்தியோகம். இதுதான் வாழ்க்கை, இதை எட்டாதவன் ஆளே இல்லை என்கிறோம். ஆனால் அங்கே போகிற பாதையை எல்லோருக்கும் போட்டுக் கொடுப்பதில்லை. ஆசைக்கும் பாதைக்கும் நடுவே மனிதன் நசுங்குகிறான். பெரும்பாலோர் எப்படியோ போட்ட பாதையிலேயே நடக்கப் பார்ப்பார்கள். சிலர் ஆசையை வைத்துக்கொண்டு பாதையை மாற்றுவார்கள், அவர்கள்தான் ஸ்டேஷனுக்கு வருகிறவர்கள். சிலர் ஆசையை விட்டுவிட்டு, பழக்கத்துக்காகப் பாதையில் நடந்துகொண்டே இருப்பார்கள். சிலர் இரண்டையும் விட்டுவிட்டுச் சாராயக்கடை வாசலில் கிடப்பார்கள். சிலர் அந்தப் படத்தையே கழற்று என்று கொடி பிடிப்பார்கள். நீ சொல்லி முடித்ததும் உன் அப்பா, எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தபோது கொட்டும் மழையில் ஓர் ஆளும் வராத நாளிலும் பேர் கூப்பிட்டுவிட்டு வந்தவர், "அந்த மூணாவது ஆளு நான்தான்" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். நான் மட்டும் விடவில்லை. "அப்படின்னா திருடினவனுக்கு ஆரத்தி எடுக்கலாமா சாமி?" என்று கேட்டேன். "காரணம் சொல்றது வேற, நியாயம் சொல்றது வேறம்மா" என்றாய். உன்னைப் படிக்க வைத்தது வீண் போகவில்லை என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன், வாய்விட்டுச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

ஆனாலும் உன் பாடத்தில் எனக்கு அப்போதிருந்தே ஒரு சந்தேகம். இழுபறிதான் திருட வைக்கும் என்றால், இந்த மலையில் எல்லோரும் அல்லவா திருடியிருக்க வேண்டும்? சனி ஞாயிறு வந்தால் ஒண்டிக்கடைச் சந்திப்பில் கால் வைக்க இடமில்லாமல் கீழேயிருந்து கார்கள் வந்து குவிகின்றன. அந்தக் கார்க் கண்ணாடியில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொண்டு நம் பிள்ளைகள் வேலைக்குப் போகிறார்கள். ரிசார்ட்டில் படுக்கை விரிக்கிற பெண்கள், தாங்கள் ஒருநாளும் படுக்கப்போகாத மெத்தையைத் தட்டிச் சரிசெய்துவிட்டு, வந்தவர்கள் மறந்துவிட்டுப் போன மோதிரத்தை வாசல்வரை ஓடிப் போய்க் கொடுக்கிறார்கள். ரோட்டோரத்துச் சில்வர் ஓக் மரமெல்லாம் மிளகுக் கொடி. கை நீட்டினால் சரம் சரமாக வரும், யாரும் நீட்டுவதில்லை. பாதி வீடுகளில் கதவைச் சாத்துவதே நாய் நுழையாமல் இருக்கத்தான். எனக்கு வயதாக ஆக, ஒருவர் ஏன் திருடினார் என்பது பெரிய கேள்வியாகத் தெரியவில்லை. மற்ற இத்தனை பேரும் ஏன் திருடவில்லை என்பதுதான் என்னை வாய் பிளக்க வைக்கிறது. காலையில் நாகலூரில் பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் சில நாள் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். அத்தனை ஆசையையும் அத்தனை இல்லாமையையும் ஒரே உடம்பில் வைத்துக்கொண்டு, முந்தாதே தள்ளாதே என்று சண்டை போட்டபடி, நேராக நிற்கிறார்களே. இதை எந்தப் புத்தகம் விளக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

இதில் என் பங்கும் உண்டு. வகுப்பில் நான் ஓயாமல் சொன்ன வாக்கியம், "நல்லாப் படிச்சு மேல வரணும்" என்பது. அண்ணாமலைதான் ஒருநாள் எழுந்து நின்று, "டீச்சர், நாம மேலதானுங்களே இருக்கறோம்?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். யோசித்துப் பார்த்தால் அவன் கேட்டது சரிதான். இந்த மலையில் மேலே வர வேண்டும் என்றால் கொண்டை ஊசி வளைவெல்லாம் இறங்கிக் கீழே போக வேண்டியிருக்கிறது. நீ சொன்ன அந்தப் படத்தைச் சுவரில் மாட்டிய கைகளில் என் கையும் ஒன்று.

இந்த வருஷம் மிளகு நன்றாகக் காய்ந்திருந்தது. மூட்டை கட்டி, நான் எப்போதும்போல அதன் வாயைப் பள்ளிச் சீருடை தைக்கும் நீல நூலால் தைத்து, முன்னறையில் சாய்த்து வைத்திருந்தோம். ஞாயிறு பூசைக்குப் போய்த் திரும்பினால் மூட்டை இல்லை. எடுத்தவர் கதவை மட்டும் ஒழுங்காகச் சாத்திவிட்டுப் போயிருந்தார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. வாங்கிய நற்கருணை நாக்கில் கரைவதற்குள் அதே நாக்கால், கை விளங்காமல் போக என்று சபித்தேன். மிளகு போனதுகூடப் பெரிதில்லை. ஊருக்குள் ஒரு வாழ்நாள் கழித்த என் வீட்டுக்குள் ஒருவர் நுழைந்தாரே என்றுதான் எரிந்தது. "போலீஸ்காரரு ஊட்டுலயே கை வெச்சுட்டாங்களே" என்று பார்த்தவர்களெல்லாம் சொன்னார்கள். உனக்குப் போன் போட்டதும் அந்தக் கொதிப்பில்தான். போடாமல் இருந்திருக்கலாம்.

மறுநாள் அண்ணாமலை வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "மூட்டை கெடைச்சிருச்சுங்க டீச்சரம்மா. என்ற ஜீப்புலதானுங்க ஒண்டிக்கடைக்குப் போச்சு. எறக்கறப்பதான் அந்த நீல நூலைப் பார்த்தனுங்க. இந்த மலையில மூட்டைக்குச் சட்டைத் தையல் போடறவிங்க நீங்க ஒருத்தருதானுங்களே" என்றான். யார் என்று கேட்டேன். "ஊட்டுக்குப் போயி உக்காந்தனுங்க. ஒண்ணும் கேக்கலீங்க. அவிங்களே சொல்லிப்போட்டு அழுதுட்டாங்க. ஊரு கூடிப் பேசியாச்சுங்க. சுமை எறக்கறதுன்னு முடிவு. நீங்க வரோணும், நீங்க வந்தாத்தான் அது முடியும்" என்றான். நான் ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்றேன். "குடுக்கலாமுங்க, அது உங்க இஷ்டமுங்க. குடுத்தா அவிங்க பேரு அங்க ஏறிரும். ஏறுனா எறங்காதுங்க. நான் உங்களைத் தடுக்க வரலீங்க. எறக்கறதுக்கும் ஒரு வழி இருக்குதுன்னு சொல்லத்தான் வந்தனுங்க" என்றான்.

அந்த ஊரில் நடப்பது இதுதான். தப்புச் செய்தவர், ஊர்ச் சாப்பாட்டுக்கு வேண்டிய விறகைத் தன் வீட்டிலிருந்து தலையில் சுமந்துகொண்டு, பட்டப்பகலில், எல்லோர் வாசலையும் தாண்டி ஊர்ப் பொது இடத்துக்கு வர வேண்டும். யாரும் திட்டக்கூடாது, யாரும் கை கொடுக்கவும் கூடாது. வந்து நின்றதும், யாருக்குத் தப்பு நடந்ததோ அவர்தான் அந்தச் சுமையைப் பிடித்து இறக்க வேண்டும். அந்த விறகில் சோறு பொங்கி ஊரே உட்கார்ந்து சாப்பிடும். இலை போட்ட நிமிஷத்திலிருந்து அந்தப் பேச்சு செத்தது. அதற்குப் பிறகு யாராவது அதை வாயில் எடுத்தால், எடுத்தவர்தான் தப்புக்காரர். பக்கத்திலேயே இத்தனை காலம் இருந்தும், இப்படி ஒன்று நடப்பது எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். மலையில் நாம் வேறு, அவர்கள் வேறு என்று இருந்துவிட்டோம்.

நான் போனேன். பெரிய மனசோடு போனேன் என்று நினைத்துவிடாதே. மன்னிக்கிறவள் என்கிற நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் ஆசையில் போனேன். ஞாயிறுக்கு உடுத்தும் சேலையைக்கூட உடுத்திக்கொண்டேன். அவர் விறகோடு வந்தார். வாசலில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள், அவ்வளவுதான். ஒருவரும் காறித் துப்பவில்லை, ஒருவரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. என் முன்னால் வந்து நின்றார். நான் சுமையைப் பிடித்து இறக்கினேன். ஏன் எடுத்தார் என்பதை அண்ணாமலை எனக்கு முன்பே சொல்லியிருந்தான். அதை இங்கே எழுத முடியாது. குடிக்கோ சூதுக்கோ இல்லை. நான் வகுப்பில் ஓயாமல் சொன்னேனே, அந்த ஆசைக்குத்தான். நல்ல ஆசை, நான் விதைத்த ஆசை. பாதைதான் இல்லை.

பிறகுதான் நான் செய்த வேலை. இலை போட்டார்கள். சோறு வந்தது. எனக்கு எதிர் இலையில் அவர். சாப்பாட்டுக்கு முன் ஜெபிக்காமல் நான் கை வைப்பதில்லை என்று உனக்குத் தெரியும். என் ஜெபம் முடிவதற்குள் ரசம் ஆறிவிடும் என்று நீயும் உன் அப்பாவும் கிண்டல் செய்வீர்கள். அன்றைக்கு ஊரே என்னைப் பார்க்கிறது என்ற நினைப்பில் குரலும் உயர்ந்துவிட்டது. உணவுக்காக நன்றி சொன்னேன், ஊருக்காக நன்றி சொன்னேன், அதோடு நிறுத்தியிருக்கலாம். "திருட்டு என்னும் பாவத்தில் விழுந்த இந்த ஆன்மாவை நான் மன்னித்ததுபோல் நீரும் மன்னித்தருளும்" என்று சொல்லி முடித்தேன். கண்ணைத் திறந்தால் யாரும் சாப்பிடவில்லை. அவர் பிசைந்த சோறு விரல்களிலேயே இருந்தது. கொஞ்சம் முன்னால்தான் நிமிர்ந்திருந்த தலை மறுபடியும் குனிந்துவிட்டது.

சோற்றுக் கூடையோடு நின்ற அண்ணாமலைக்கு வியர்த்துவிட்டது. "ஏனுங்க டீச்சரம்மா, இலை போட்டாச்சுங்களே" என்றான்.

"சாமிகிட்டதானேப்பா சொன்னேன்."

"சாமிகிட்ட மனசுக்குள்ள சொல்லியிருக்கலாமுங்க. எங்க காதுலயும் விழுந்துருச்சுங்களே."

பந்தியில் இருந்த ஒரு அம்மாள், "விடு அண்ணாமலை, தெரியாம சொல்லிப்போட்டாங்க. வேற ஊட்டுக்காரவிங்க, அவிங்களுக்கு என்னத்தத் தெரியும்" என்றார்.

"தெரியாமன்னு விட்டா, நாளைக்கு எல்லாரும் தெரியாமத்தான் சொல்லுவாங்க அத்தை" என்றவன் என் பக்கம் திரும்பினான். ஆறாம் வகுப்பில் என்னிடம் கேள்விக்குப் பதில் தெரியாமல் நிற்பானே, அதே முகம். "எங்க ஊருக் கட்டுப்பாடு உங்களைக் கட்டாதுங்க. நீங்க எந்திரிச்சு ஊட்டுக்குப் போனாலும் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஆனா இது மூடாம தொறந்தே கெடக்குமுங்க. அவிங்களுக்குத்தான் கஷ்டம்."

எனக்கு முகம் எரிந்தது. மூட்டையைப் பறிகொடுத்தவள் நான், சுமை இறக்கியவள் நான், இப்போது தப்புக்காரியும் நானா என்று வீடு வரும்வரை பொருமினேன். உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "காஞ்ச காப்பிக் கட்டை இருக்குது, நான் ஒடச்சுத் தர்றேன்" என்று எழுந்து போனார். அவ்வளவுதான் அவர் தீர்ப்பு.

தப்புக்கும் சுமை இறக்குவதற்கும் இடையில் இருந்த நாட்களைப் பற்றி உனக்குச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் உன் ஸ்டேஷனுக்கு வருகிறவர்களெல்லாம் அந்த நாட்களில்தான் இருப்பார்கள். என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எப்போதும்போல வணக்கம் வைத்தார்கள், எப்போதும்போல மழை வருமா என்று கேட்டார்கள். நான்தான் மாறிவிட்டேன். குழாயடியில் இரண்டு பேர் பேசிச் சிரித்தால் என்னைப் பற்றித்தான் என்று தோன்றியது. கடைக்கு நேர்வழியை விட்டு எஸ்டேட் வேலியோரமாகச் சுற்றிக்கொண்டு போனேன். ஒரு நேரம், எப்படியும் என்னைத் தப்புக்காரி என்றுதானே நினைக்கிறார்கள், நினைத்துவிட்டுப் போகட்டும் என்று ஒரு முரட்டுத்தனம்கூட வந்தது. நான் செய்தது ஒரு ஜெபம், கண்ணு. ஒரு ஜெபத்துக்கே ஆள் இப்படிக் கோணிப்போவாள் என்றால், மூட்டையை எடுத்துவிட்டு, அதுவும் போலீஸ்காரன் வீட்டு மூட்டை என்று தெரிந்துகொண்டு, அவர் அந்த நாட்களை எப்படிக் கழித்திருப்பார் என்று நினைத்துப் பார். அந்த முரட்டுத்தனத்தில் தங்கிவிடாமல் விறகைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாரே, அது லேசுப்பட்ட காரியம் இல்லை.

நானும் தூக்கினேன். உன் அப்பா சும்மாடு கூட்டி என் தலையில் வைத்தார், சுமையை ஏற்றிவிட்டார், வாசலோடு நின்றுகொண்டார். என் முழங்கால் உனக்குத் தெரியும். வருஷா வருஷம் சிலுவைப்பாதையில் முழந்தாள் போட்டு எழுந்திருக்கிறேன். அதில் நான் சுமந்தது ஜெபப் புத்தகம் மட்டும்தான். இது வேறு. ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் எழுந்து நின்றார்கள். வேடிக்கை பார்க்க இல்லை, துணைக்கு என்பதுபோல் நின்றார்கள், ஆனால் தொடவில்லை. பொது இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. அவர் வந்தார். என் மிளகை எடுத்தவர், என் வாயால் புண்பட்டவர், இரண்டு கையாலும் சுமையைப் பிடித்து மெதுவாக இறக்கினார். இறக்கிவிட்டு, "கழுத்துப் புடிச்சுக்கிச்சுங்களா டீச்சரம்மா?" என்று கேட்டார். நான் அழுதுவிட்டேன். அங்கே இருந்த ஒருவருக்கும் அது ஆச்சரியமாக இல்லை. அடுப்பு மூட்டப் போய்விட்டார்கள். அன்று இலையில் உட்கார்ந்து வாயைத் திறக்காமலே ஜெபித்தேன். ஆண்டவருக்கு நன்றாகவே காது கேட்கும்.

அதற்குப் பிறகு நடப்பதுதான் எனக்கு இன்னும் விளங்காத அதிசயம். ஒன்றும் நடக்கவில்லை. ஒருவர் வாயிலிருந்தும் ஒரு சொல் வரவில்லை. குழந்தைகள்கூடச் சொல்வதில்லை, சண்டையில்கூட வருவதில்லை. சோதித்துப் பார்க்கலாம் என்று உன் அப்பாவிடம், "அன்னைக்கு நான் விறகு சுமந்தப்ப" என்று ஆரம்பித்தேன். "விறகா? எந்த விறகு?" என்றார். நீ எனக்குத் தெரியாமல் அண்ணாமலைக்குப் போன் போட்டதும் எனக்குத் தெரியும். "தம்பி மிளகைப் பத்திக் கேட்டாருங்க. இந்த வருஷம் நல்ல வெளைச்சலுங்கன்னு சொன்னனுங்க" என்றான், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல். ஒரு ஊர் முழுக்கச் சேர்ந்து ஒருவரைக் காட்டிக்கொடுக்க முடியும் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு ஊர் முழுக்கச் சேர்ந்து ஒன்றை மறக்க முடியும் என்பதை நான் இந்த வயதில்தான் பார்த்தேன். அவரோ இப்போது என்னைப் பார்த்தால் நின்று பேசுகிறார், நேராகப் பார்க்கிறார். அந்தக் கண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். அம்மா, இது சட்டம் இல்லை என்பாய். இல்லைதான். நானும் கண்ணை மூடிக்கொண்டு கும்பிடவில்லை. சாதி விட்டுக் கல்யாணம் செய்துகொண்ட பிள்ளைகளை ஊர் கூடித் தள்ளி வைத்ததையும் இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன். இறக்கவே முடியாத சுமையை ஏற்றத் தெரிந்ததும் ஊர்தான். கத்தி எடுத்தான், பெண்பிள்ளையைக் கெடுத்தான் என்றால் அது விறகில் தீராது, தீரவும் கூடாது. அங்கே உன் சட்டம்தான் வேண்டும், அதில் நீ ஒரு இம்மி விடக்கூடாது. ஸ்டேஷன் வாசலில் அடுப்பு மூட்டச் சொல்லவில்லை சாமி. உன் வேலையில் எழுதித்தான் ஆக வேண்டும், பேர் ஏறத்தான் செய்யும்.

நான் சொல்வது, எழுதி முடித்த பிறகும் மனசுக்குள் ஒரு இடத்தில் பேரை வைத்துக்கொள்கிறோமே, அதைப் பற்றி. உன் அப்பாவின் எஸ்டேட்டில் ஒருவர் எப்போதோ தண்ணீர் மோட்டாரைக் கழற்றி விற்றுவிட்டார். தண்டனையும் அனுபவித்துவிட்டு வந்தார். ஆனால் சாகும்வரை அவருக்கு மோட்டார் என்றுதான் பேர். அவர் மகனுக்கு மோட்டார் மகன் என்று பேர். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் ஒரு செம்பு காணாமல் போனாலும் முதலில் அந்த வீட்டைத்தான் பார்ப்பார்கள். யாரும் கேஸ் போடவில்லை, எல்லோரும் தெரிந்து வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். அந்த மகன் திருப்பூர் பக்கம் போனவன் அப்பாவின் சாவுக்கும் மலை ஏறவில்லை. நீ படித்த பாடத்தில் ஆசை இருக்கிறது, பாதை இருக்கிறது. பாதை மாறிப் போனவர் திரும்பி வருவதற்கு ஒரு பாதை வேண்டுமே, அதை யார் போடுவது? எழுதுகிற கையும், நினைவில் வைக்கிற மனசும் சேர்ந்துதான் அதை அடைக்கின்றன. அதனால்தான் நீ போனில் சொன்ன அந்த வார்த்தை எனக்குப் பயமாக இருந்தது. கேஸ் போடுவேன் என்று நீ கோபத்தில் சொன்னபோது நான் இவ்வளவு பயப்படவில்லை.

அடுத்த வாரம் நீ பஸ்ஸை விட்டு இறங்கும்போது ஊரே வரும். இந்த மலைப் பிள்ளை தோளில் நட்சத்திரத்தோடு வந்திருக்கிறது என்று எல்லோருக்கும் பெருமை. ஆளாளுக்கு உன் கையைப் பிடித்துப் பார்ப்பார்கள். அவரும் வருவார், வராமல் இருந்தால் கண்டுபிடித்துவிடுவாயே. எந்தக் கண் தாழ்கிறது, எந்த விரல் நடுங்குகிறது என்று பார்க்க உன்னைப் பழக்கியிருப்பார்கள். அது இங்கே உனக்கு உதவாது. உன் உடுப்பைப் பார்த்தால் ஒரு தப்பும் செய்யாதவர்கள் கையும் நடுங்கும். எந்தக் கை என்று உனக்குத் தெரியப்போவதில்லை, கண்ணு. தெரியாததால், வருகிற ஒவ்வொரு கையையும் அந்தக் கையாகவே நினைத்து, நீ நன்றாகப் பிடிக்க வேண்டியிருக்கும்.

அம்மா